காலாளும் குறியெண்ணும்

சதுரங்கம் ஆடும் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே வியப்பர். நொடிக்குப் பல லட்சம் நிலைகளை ஆராய்கிறது என்பர். அது மெய்தான். ஆனால் அவ்வேகத்தில் ஒரு பங்கு, ஒருமுறை கண்ட விடையைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே கேள்வி மீண்டும் எழும்போது எடுத்துக் கொடுப்பதால் கிட்டுவது. எதைக் குறித்து வைப்பது, எந்தப் பெயரின் கீழ் வைப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. காலாட்களின் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்நுட்பத்தை இங்கே காண்போம். நிரல் எழுதத் தெரிந்தவர்க்கு மட்டுமன்றி, சதுரங்கப் பலகையை ஒருமுறையேனும் விரித்தவர்க்கும் இது விளங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சொல். நம்மில் பலர் விடுதியில் வடநாட்டு நண்பர்களோடு ஆடுகிறோம். அவர்கள் 'வசீர்' என்பது நம் ராணியை. நாம் 'மந்திரி' என்பதை அவர்கள் 'ஊண்ட்', அதாவது ஒட்டகம் என்பர். மந்திரியை வெட்டினேன் என்று நாம் சொல்ல, ராணி போயிற்றா என்று அவர்கள் திகைப்பது உண்டு. காலாளின் பெயரில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அவர்களுக்கு அது 'பியாதா'. பொருள் காலால் நடக்கும் படைவீரன் என்பதே. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையில் கடைசி உறுப்பே நம் கட்டுரையின் தலைவன். பலகையின் எட்டு நெடுவரிகளை ஏ முதல் எச் வரையிலான எழுத்துகளாலும், கிடைவரிகளை 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிப்பது உலக வழக்கு. வெள்ளை ராஜாவுக்கு முன் நிற்கும் காலாளின் கட்டம் இ-2 ஆகும்.

காலாளின் இயல்பு

மற்றக் காய்கள் முன்னும் பின்னும் செல்லும். காலாள் முன்னேறுவதன்றிப் பின்வாங்குவது இல்லை. ஒரு காலாள் தன் வாழ்நாளில் மிகுதியாகப் போனால் ஆறு முறையே நகர முடியும். பதினாறு காலாட்களுக்கும் சேர்த்து, ஓர் ஆட்டம் எவ்வளவு நீண்டாலும், 96 நகர்வுகளுக்கு மேல் இல்லை. ஆகவே காலாட்களின் அமைப்பு மெதுவாகவே மாறுகிறது. மாறியபின் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை. பிரெஞ்சு நாட்டு இசைவாணரும் சதுரங்க வல்லுநருமான பிலிடோர், 1749 இல் வெளியிட்ட தம் நூலில், காலாட்களே ஆட்டத்தின் உயிர்நாடி என்ற கருத்தை வற்புறுத்தினார். வீடு கட்டுபவன் அடித்தளத்தைப் பார்ப்பது போல, தேர்ந்த ஆட்டக்காரன் முதலில் காலாட்கள் நிற்கும் முறையைப் பார்க்கிறான்.

அவன் பார்ப்பவை எவை? ஒரே நெடுவரியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைக் காலாள். இருபுறத்து நெடுவரிகளிலும் துணை இல்லாத தனிக் காலாள். தோழர்கள் முன்னே சென்றுவிட, காப்பாரின்றிப் பின்தங்கிய காலாள். இவை குறைகள். தன் நெடுவரியிலும் பக்கத்து நெடுவரிகளிலும் தடுக்க எதிரிக் காலாள் எதுவும் முன்னே இல்லாத காலாள் ஒன்று உண்டு. அதை வழி திறந்த காலாள் என்போம். அது பெரும் செல்வம். கிளாடு ஷானன் 1950 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், கணிப்பொறி ஒரு நிலையை மதிப்பிடுவதற்கு ஒரு மாதிரிச் சூத்திரம் தந்தார். அதில் ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, காலாளுக்கு 1 என மதிப்புகள் இருந்தன. இரட்டை, பின்தங்கியது, தனித்தது ஆகிய ஒவ்வொரு குறைக்கும் அரைக் காலாள் வீதம் கழிக்கவும் அச்சூத்திரம் கூறிற்று.

இக்குறைகளை ஒவ்வொன்றாகத் தேடுவது சற்று நீண்ட வேலை. ஒவ்வொரு காலாளுக்கும் தன் நெடுவரியையும் பக்கத்து நெடுவரிகளையும் பார்க்க வேண்டும். கணிப்பொறி ஆராயும் லட்சக்கணக்கான நிலைகளிலோ, குதிரை இங்கே போனால் என்ன, யானை அங்கே போனால் என்ன என்ற வேறுபாடுகளே மிகுதி. காலாட்கள் பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன. ஒரே அமைப்பை ஆயிரம் முறை மதிப்பிட்டு ஆயிரம் முறையும் ஒரே விடையைக் காண்பது வீண் அன்றோ? முதல்முறை கண்டதை ஓர் அட்டவணையில் எழுதி வைத்தால் போதும்.

குறி இடுதல்

அட்டவணையில் எழுதுவது எளிது. மீண்டும் தேடி எடுப்பதே சிக்கல். காலாட்களின் முழுப் படத்தையும் ஒவ்வொரு பதிவோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், புதிதாகக் கணக்கிடுவதே மேல் என்றாகிவிடும். விடுதியில் நம் துணிகளை எடுத்துச் செல்லும் சலவைக்காரர் என்ன செய்கிறார்? சட்டையின் நிறம், கோடு, கிழிசல் முதலியவற்றை எழுதி வைப்பதில்லை. கழுத்துப் பட்டையின் உட்புறம் அழியா மையில் சிறு குறி ஒன்றை இடுகிறார். அக்குறியைக் கண்டதும் சட்டை உரிய அறைக்குப் போய்ச் சேருகிறது. இருவர் துணிக்கு ஒரே குறி விழுந்துவிட்டால் மட்டுமே வம்பு.

காலாட்களின் அமைப்புக்கும் இத்தகைய குறி ஒன்று வேண்டும். ஆங்கிலத்தில் ஹாஷ் கீ என்று வழங்கும் இதை நாம் குறியெண் என்போம். இக்காலத்தில் இது பெரும்பாலும் 64 பிட்டுகள் கொண்ட எண். அதாவது பூச்சியமும் ஒன்றுமாக 64 இடங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970 இல் ஓர் அறிக்கையில் விளக்கிய முறையே இன்றும் பெருவழக்காக உள்ளது.

முறை இது. முதல் கிடைவரியிலும் எட்டாம் கிடைவரியிலும் காலாள் நிற்பதில்லை. எஞ்சியவை 48 கட்டங்கள். வெள்ளைக்கு 48, கறுப்புக்கு 48, ஆக 96 எண்களை எவ்வித ஒழுங்கும் இன்றிச் சீட்டுக் குலுக்கினாற்போல் தேர்ந்து, தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் உள்ள காலாட்களுக்கு உரிய எண்களை எல்லாம் எக்ஸார் என்னும் செயலால் இணைத்தால் கிடைப்பதே குறியெண்.

எக்ஸார் என்பது நமக்குப் பழகியதே. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருக்கும். எதை அழுத்தினாலும் எரிந்த விளக்கு அணையும், அணைந்த விளக்கு எரியும். ஒரே சுவிட்சை இருமுறை அழுத்தினால் பழைய நிலையே திரும்பும். எதை முதலில் அழுத்தினோம் என்பதும் பொருட்டன்று. 64 பிட்டுகளையும் 64 விளக்குகளாகக் கருதினால், ஒவ்வொரு காலாள் எண்ணும் குறிப்பிட்ட சில விளக்குகளை மட்டும் மாற்றும் ஒரு சுவிட்சு ஆகும்.

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். எளிமைக்காக நான்கே பிட்டுகள் கொள்வோம். இ-2 இல் வெள்ளைக் காலாளின் எண் 0110. டி-5 இல் கறுப்புக் காலாளின் எண் 1101. பலகையில் இவ்விரண்டே இருந்தால் குறியெண் 1011. இப்போது வெள்ளைக் காலாள் இ-4 க்குப் போகிறது. அக்கட்டத்தில் அதற்குரிய எண் 0011 என்க. பழைய 1011 உடன் 0110 ஐ எக்ஸார் செய்தால் 1101. காலாள் இ-2 ஐ விட்டு நீங்கிற்று. அதனுடன் 0011 ஐச் சேர்த்தால் 1110. காலாள் இ-4 இல் அமர்ந்தது. இருக்கும் காலாட்களைக் கொண்டு தொடக்கத்திலிருந்து கணக்கிட்டாலும், 0011 உம் 1101 உம் சேர்ந்து 1110 தான். பலகையில் எத்தனை காலாட்கள் இருந்தாலும் ஒரு நகர்வுக்கு இரண்டே செயல்கள். நகர்வைத் திரும்பப் பெற வேண்டுமாயின் அதே இரண்டையும் மறுபடி செய்தால் போதும். இம்முறை நிலைத்ததற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

தவறும் இடங்கள்

காலாள் நகரும்போது குறியெண்ணை மாற்ற யாரும் மறவார். மறப்பது வேறு இடங்களில். குதிரை ஒரு காலாளை வெட்டுகிறது. நகர்ந்தது குதிரைதான், ஆனால் காலாள் ஒன்று குறைந்தது, குறியெண் மாற வேண்டும். காலாள் கடைசிக் கிடைவரியை அடைந்து ராணியாகிறது. பழைய கட்டத்தின் எண்ணை நீக்க வேண்டும், புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. இவற்றினும் வஞ்சகமானது 'என் பாசான்' எனப்படும் கடந்துவெட்டு. இ-5 இல் நிற்கும் வெள்ளைக் காலாள், டி-7 இலிருந்து டி-5 க்குத் தாண்டி வந்த கறுப்புக் காலாளை வெட்டி டி-6 இல் அமர்கிறது. வெட்டுண்டது நின்ற கட்டமும் வெட்டியது வந்து சேர்ந்த கட்டமும் வேறு வேறு. டி-6 இன் கறுப்பு எண்ணை நீக்கிவிட்டால், இல்லாத காலாள் ஒன்று டி-6 இல் இருப்பதாகவும், போன காலாள் டி-5 இல் இன்னும் நிற்பதாகவும் குறியெண் பொய் சொல்லத் தொடங்கும்.

இங்கே ஆபத்து யாதெனில், இத்தவறு வெளியே தெரிவதில்லை. நிரல் நின்றுவிடாது; பிழைச் செய்தி ஏதும் வராது. வேறோர் அமைப்புக்கு எழுதிய மதிப்பை எடுத்துக்கொண்டு, ஐயமின்றி மோசமான நகர்வைச் செய்யும். நிரல் எழுதியவர் தேடும் முறையைக் குறை கூறுவார், மதிப்புகளைக் குறை கூறுவார். குறியெண் நினைவுக்கு வராது. இதற்குக் காப்பு ஒன்றே. சோதனைக் காலத்தில், ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும், திரும்பப் பெற்ற பின்னும், குறியெண்ணை முழுவதும் புதிதாகக் கணக்கிட்டு, படிப்படியாக மாற்றி வந்த எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 96 எண்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்காமல், ஒரே வித்திலிருந்து ஒரே வரிசையில் பிறப்பிப்பதும் நன்று. அப்போதுதான் நேற்றுக் கண்ட பிழையை இன்றும் காணலாம்.

இரு சட்டைக்கு ஒரு குறி

மேலே கண்ட நான்கு பிட்டுக் கணக்கில், இ-4 க்குரிய எண் 0011 என்று விழாமல் 1011 என்று விழுந்திருந்தால் என்ன ஆகும்? இ-4 இல் வெள்ளைக் காலாள் ஒன்று மட்டும் நிற்கும் பலகைக்கும், இ-2, டி-5 என இரண்டு காலாட்கள் நிற்கும் பலகைக்கும் ஒரே குறியெண் வந்துவிடும். இதையே மோதல் என்கிறோம். நான்கு பிட்டில் பதினாறே குறிகள் உண்டு. மோதல் தவிர்க்க முடியாதது. பிட்டுகள் பெருகப் பெருக மோதல் அரிதாகும்.

எவ்வளவு அரிது? சதுரங்கத்தை வகுத்தவன் அரசனிடம் முதல் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் கேட்டான் என்ற கதை நாம் அறிந்ததே. மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள். 64 பிட்டுகளில் எழுதத்தக்க குறியெண்கள் அதனினும் ஒன்றே கூடுதல். ஆயினும் இப்பேரெண்ணைக் கண்டு மயங்கலாகாது. 23 பேர் கூடிய அறையில், இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது புள்ளியியல் படித்தோர் அறிந்தது. ஆண்டில் நாட்கள் 365 இருந்தும் அப்படி. ஏனெனில் அங்கே எண்ண வேண்டியவை ஆட்கள் அல்ல, ஜோடிகள்.

ஜோடிகளை எண்ணிப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் 10 லட்சம் வெவ்வேறு காலாள் அமைப்புகள் தோன்றின எனக் கொள்வோம். குறியெண் 32 பிட்டே ஆனால், ஏறத்தாழ 116 ஜோடிகள் மோதும் என எதிர்பார்க்கலாம். 64 பிட்டானால், ஒரே ஒரு மோதல் நேரும் வாய்ப்பே சுமார் 3.7 கோடியில் ஒன்று. பிட்டுகளை இருமடங்கு ஆக்கியதன் பயன் இது.

சிலர் கேட்கலாம்: மோதலே இல்லாதபடி ஒவ்வோர் அமைப்புக்கும் தனி எண் கொடுக்க இயலாதா? இயலும். ஒவ்வொரு நிறத்துக்கும் எட்டுக்கு மிகாமல் காலாட்களை 48 கட்டங்களில் வைக்கும் வழிகள் ஏறத்தாழ 500 கோடி கோடி. 64 பிட்டுகளில் அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல் இடம் உண்டு. ஆனால் அத்தகைய வரிசை எண்ணைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் நீண்ட கணக்குப் போட வேண்டும். இரண்டே செயல்களில் புதுப்பிக்கும் எளிமை போய்விடும். மோதலை அறவே நீக்க விரும்புவோர்க்கு வேறு வழி உண்டு. வெள்ளைக் காலாட்களின் படத்தை 64 பிட்டிலும், கறுப்பின் படத்தை 64 பிட்டிலும் பதிவோடு சேர்த்து எழுதி வைக்கலாம். குறியெண் இடத்தைக் காட்டும். படங்கள் உண்மையை உறுதி செய்யும். ஒரு பதிவுக்குக் கூடுதலாகும் செலவு 16 பைட்டு.

அட்டவணையில் 64 பிட்டுக்கும் இடம் வைக்க முடியாது என்பது வெளிப்படை. 16,384 அறைகள் கொண்ட அட்டவணையானால், குறியெண்ணின் கடைசி 14 பிட்டுகள் அறையைக் காட்டும். அறையில் எழுதியுள்ள முழுக் குறியெண்ணும் நம்முடையதும் ஒன்றானால் பதிவை எடுத்துக்கொள்கிறோம். இல்லையேல் புதிதாகக் கணக்கிட்டுப் பழையதன் மேல் எழுதுகிறோம்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

இனி, வடிவமைப்பின் நடுநாயகமான கேள்விக்கு வருவோம். குறியெண்ணில் எவை அடங்க வேண்டும்? விதி இதுதான்: எழுதி வைக்கும் விடை எவற்றைப் பொறுத்து மாறுமோ, அவை யாவும் குறியெண்ணில் அடங்க வேண்டும், மாறாதவை ஒன்றும் அடங்கலாகாது. குறைந்தால் பொய்யான விடை கிடைக்கும். மிகுந்தால் உண்மையான விடை இருந்தும் கிடைக்காது.

எடுத்துக்காட்டாக, இப்போது நகர்த்த வேண்டியவர் வெள்ளையா கறுப்பா? இரட்டைக் காலாள் யார் முறை வந்தாலும் இரட்டைக் காலாளே. ஆதலின் மதிப்பை எப்போதும் வெள்ளையின் நோக்கிலேயே எழுதி வைத்து, முறையைக் குறியெண்ணில் சேர்க்காமல் விட வேண்டும். சேர்த்தால் ஒரே அமைப்பு இரு பெயர்களில் இருமுறை கணக்கிடப்பட்டு, இரண்டு அறைகளை அடைக்கும். கடந்துவெட்டும் உரிமைக்கும் இதுவே நியாயம்.

ராஜாவின் இடம் எப்படி? ராஜாவுக்கு முன் நிற்கும் காலாட்கள் அவனுக்கு அரணாகின்றனவா என்பது, அவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த மதிப்பையும் காலாள் பதிவிலேயே எழுதிவிட்டு, குறியெண்ணில் ராஜாவைச் சேர்க்காவிட்டால், ராஜா ஜி-1 இல் இருந்தபோது எழுதிய அரண் மதிப்பு, அவன் சி-1 க்குப் போன பின்னும் செல்லும். ராஜாவைச் சேர்த்துவிட்டாலோ, அவன் அசையும்போதெல்லாம் காலாள் பதிவு முழுவதும் பயனற்றுப் போகும். ஸ்டாக்ஃபிஷ் என்னும் புகழ்பெற்ற நிரல் நடுவழி ஒன்றைக் கைக்கொண்டிருந்தது. குறியெண்ணில் காலாட்கள் மட்டும். பதிவுக்குள் ராஜாவின் இடமும் கோட்டை கட்டும் உரிமையும் தனியே எழுதப்பட்டிருக்கும். அவை மாறியிருந்தால் அரண் மதிப்பை மட்டும் புதிதாகக் காணும்; மற்றவை அப்படியே நிற்கும்.

வழி திறந்த காலாளுக்கும் இதே கவனம் வேண்டும். அது வழி திறந்ததா என்பது காலாட்களை மட்டும் பொறுத்தது, எழுதி வைக்கலாம். அதன் முன் எதிரிக் குதிரை வழிமறித்து நிற்கிறதா என்பது காலாட்களைப் பொறுத்ததன்று; எழுதி வைக்கலாகாது. எனவே, எந்தெந்தக் கட்டங்களில் வழி திறந்த காலாட்கள் உள்ளன என்ற படத்தை மட்டும் பதிவில் வைத்துக்கொண்டு, எஞ்சியதை ஒவ்வொரு நிலையிலும் தனியே பார்க்க வேண்டும்.

சிறியதோர் எச்சரிக்கையும் உண்டு. காலாளே இல்லாத பலகையின் குறியெண் பூச்சியம். இன்னும் எழுதப்படாத வெற்று அறையிலும் பூச்சியமே இருக்கும். இரண்டும் பொருந்தியதாக எண்ணி நிரல் வெற்று அறையைப் படித்துவிடும். மதிப்பு பூச்சியம் என்பது தற்செயலாகச் சரிதான். ஆனால் திறந்த நெடுவரிகள் எத்தனை என்ற இடத்திலும் பூச்சியம் இருக்கும். உண்மையில் எட்டும் திறந்திருக்கின்றன! யானைகள் வழி தெரியாமல் நிற்கும். ஆதலால் குறியெண்ணைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல், வேறொரு குலுக்கல் எண்ணிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்றைய நிலை

இக்கலைக்கு இன்று வேலை உண்டா என்று ஐயுறலாம். 2018 இல் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு வகுத்த நரம்பு வலை முறை, 2020 இல் ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்குள் வந்தது. இரட்டை, தனி, பின்தங்கியது என்று மனிதர் வகுத்த மதிப்பீட்டு விதிகள் 2023 இல் அந்நிரலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றோடு பழைய காலாள் அட்டவணையும் போயிற்று. ஆனால் காலாள் குறியெண் போகவில்லை. இன்ன காலாள் அமைப்பில் நரம்பு வலையின் மதிப்பு, ஆழ்ந்து தேடிக் கண்ட மதிப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அதே குறியெண்ணின் கீழ் எழுதி வைத்து, அடுத்த முறை அந்த அளவு திருத்திக்கொள்ளும் முறை பின்னர் வந்தது. எழுதி வைக்கும் பொருள் மாறிற்று. பெயரிடும் முறை மாறவில்லை. மெதுவாக மாறும் ஒன்றைக் கண்டறிந்து, அதற்கு மலிவான பெயர் சூட்டுவது என்ற எண்ணம், சதுரங்கத்துக்கு வெளியேயும் பயன்படுவது. ஆய்வுக்கூடத்தில் பல மணி நேரம் ஓடும் கணக்குகளின் விடைகளைச் சேமித்து வைப்போர், கோப்பின் பெயரில் எவற்றைச் சேர்ப்பது என்று எண்ணும்போது இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர். வெப்பநிலையைச் சேர்க்க மறந்தால், வேறு வெப்பநிலையின் விடை நம் ஆய்வேட்டில் ஏறிவிடும்.

ஆர்வமுள்ள நண்பர்கள் கீழ்க்காணும் மூன்று கணக்குகளையும் தாளில் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

1. ஒரு கட்டத்தில் வெள்ளைக் காலாளுக்கும் கறுப்புக் காலாளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், 96 க்குப் பதில் 48 எண்களே போதும். இச்சிக்கனத்தால் எந்த இரண்டு அமைப்புகள் ஒன்றாகிவிடும்? அவற்றின் மதிப்புகள் எப்படி வேறுபடும்?

2. பி-2 இல் நிற்கும் கறுப்புக் காலாள், ஏ-1 இல் உள்ள வெள்ளை யானையை வெட்டி ராணியாகிறது. காலாள் குறியெண்ணில் எத்தனை எண்களை எக்ஸார் செய்ய வேண்டும்?

3. இரு பக்கமும் காலாட்களை ராணியாக்க ஓடுகின்றன. யார் முந்துவார் என்ற விடையையும் பதிவில் எழுதி வைக்க ஒருவர் விரும்புகிறார். குறியெண்ணில் அவர் புதிதாக எவற்றைச் சேர்க்க வேண்டும்? சேர்த்தபின் அந்த அட்டவணையால் முன்னிருந்த பயன் எஞ்சுமா?